பூனைகளுக்குப் பரம்பரையாக வரும் சிறுநீரக நோய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பெர்சியன் பூனை பஞ்சுவுக்கு ஆறு வயதில் இந்த நோய் இருப்பது தெரியவந்தது. எட்டரை வயதில் போய்விட்டாள். நடுவில் இருந்த இரண்டரை வருடமும் டாக்டர்களை விடாமல் கேட்டுக் கேட்டுத்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்துகொண்டேன். அப்புறம் பூனைக்குட்டி வாங்கப் போகிறவர்களும், ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு தவிப்பவர்களும் என்னிடம் கேட்ட கேள்விகள்தான் இவை. நான் மருத்துவர் இல்லை. மருந்து, அளவு எல்லாம் உங்கள் பூனையைத் தொட்டுப் பார்க்கும் டாக்டர் முடிவு செய்ய வேண்டியவை.

பிகேடி, பிகேடி என்கிறார்களே, அது என்ன?

சிறுநீரகத்துக்குள் நிறைய நீர்க்கட்டிகள் வளரும் நோய். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து பிகேடி என்பார்கள். கட்டி என்றதும் புற்றுநோயோ என்று பயந்துவிட வேண்டாம். இவை தண்ணீர் நிரம்பிய சின்னச் சின்னப் பைகள். பிறக்கும்போதே இருக்கும், ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவில். வயது ஏற ஏற எண்ணிக்கையும் கூடும், ஒவ்வொன்றின் அளவும் கூடும். ஒரு மில்லிமீட்டரில் ஆரம்பித்து ஒரு சென்டிமீட்டருக்கு மேலும் போகும். பூனையின் சிறுநீரகமே நான்கு சென்டிமீட்டர் நீளம்தான். அதற்குள் ஒரு சென்டிமீட்டர் கட்டிகள் ஐந்தாறு இருந்தால் இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டிய நல்ல திசுவுக்கு எங்கே இடம்? நெருக்கி நெருக்கியே அதை வேலை செய்யவிடாமல் ஆக்கிவிடும்.

பெரும்பாலும் இரண்டு சிறுநீரகங்களிலும் வரும். சில பூனைகளுக்குக் கல்லீரலிலும் கணையத்திலும்கூடக் கட்டிகள் இருக்கும்.

எதனால் வருகிறது? நான் கொடுத்த சாப்பாட்டில் தப்பா?

இல்லை. இதைத்தான் முதலில் மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். பஞ்சுவின் ரிப்போர்ட் வந்த அன்று இரவு, எந்தெந்த பிராண்ட் உணவைக் கொடுத்தேன் என்று உட்கார்ந்து பட்டியல் போட்டேன். வீண் வேலை. கருவில் உருவான நாளிலேயே அவளுக்கு அது எழுதப்பட்டுவிட்டது.

காரணம், பிகேடி1 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்துப் பிழை. பாலிசிஸ்டின் என்ற புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு அந்த மரபணுவில் இருக்கிறது. அதில் 'சி' இருக்க வேண்டிய ஓர் இடத்தில் 'ஏ' வந்துவிடுகிறது. ஓரெழுத்துத்தானே என்று தோன்றும். ஆனால் அந்த மாற்றம் நடுவழியில் ஒரு முற்றுப்புள்ளியை வைத்துவிடுகிறது. புரதத்தின் கடைசிக் கால்பங்கு உருவாகவே உருவாகாது. அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் லெஸ்லி லயன்ஸ் தலைமையிலான குழு 2004-இல் இதைக் கண்டுபிடித்தது. இன்று நம் பூனைக்கு ஒரு பஞ்சுக்குச்சியை வைத்து சோதனை செய்ய முடிகிறது என்றால் அது அந்தக் கண்டுபிடிப்பால்தான்.

எந்த இனப் பூனைகளுக்கு வரும்?

முதலில் பெர்சியன். அப்புறம் பெர்சியன் இரத்தம் கலந்த இனங்கள்: எக்ஸாடிக் ஷார்ட்ஹேர், ஹிமாலயன், பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர், ஸ்காட்டிஷ் ஃபோல்ட், செல்கிர்க் ரெக்ஸ், பர்மில்லா போன்றவை. உருண்டை முகமும் அடர்ந்த முடியும் வேண்டும் என்று பல இனங்களில் பெர்சியனைக் கலந்திருக்கிறார்கள். முகத்தோடு நோயும் சேர்ந்து போயிருக்கிறது. மரபணுச் சோதனை வருவதற்கு முன்பு, பல நாடுகளில் ஸ்கேன் செய்து பார்த்தபோது பெர்சியன்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்த நோய் இருந்தது.

தாத்தா பாட்டியில் யாராவது பெர்சியன் என்றால் கலப்பினப் பூனைக்கும் வரலாம். சான்றிதழ் இல்லாத பூனைக்கு வராது என்று நினைக்க வேண்டாம். மரபணு சான்றிதழ் பார்த்து வருவதில்லை.

தாய், தகப்பனிடமிருந்து குட்டிக்கு எப்படிப் போகிறது?

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகவே புரிந்துவிடும்.

ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகள் கிடைக்கும், தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. பல பரம்பரை நோய்களில் இரண்டுமே பழுதாக இருந்தால்தான் நோய் வரும். ஒன்று மட்டும் பழுதாக உள்ள விலங்கு கடைசிவரை நன்றாக இருந்துகொண்டே நோயை அடுத்த தலைமுறைக்குக் கடத்தும். பிகேடி அப்படி இல்லை. ஒரு பிரதி பழுதானாலே நோய் வந்துவிடும். அதாவது, இந்த நோயைத் தனக்கு வராமல் மறைத்துவைத்துக் கடத்தும் பூனை என்று ஒன்று கிடையாது. சோதனையில் நெகட்டிவ் என்று வந்த பூனை இந்தப் பிழையை யாருக்கும் கொடுக்கவே முடியாது.

நோயுள்ள பூனையையும் நோயில்லாத பூனையையும் இணை சேர்த்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வரும் வாய்ப்பு சரிபாதி. நான்கு குட்டியில் சரியாக இரண்டுக்கு வரும் என்று அர்த்தமில்லை. நான்குக்கும் வரலாம், ஒன்றுக்கும் வராமலும் போகலாம். இரண்டுமே நோயுள்ளவை என்றால் பிறக்கும் குட்டிகளில் சராசரியாக மூன்றில் இரண்டுக்கு நோய் இருக்கும். இரண்டு பிரதியும் பழுதான கருக்கள் பிழைப்பதில்லை, தாயின் வயிற்றிலேயே அழிந்துவிடுகின்றன. அதனால்தான் ஆராய்ந்து பார்த்த நோயுள்ள பூனைகளிடம் ஒரே ஒரு பழுதான பிரதிதான் இருந்தது.

இரண்டு பெற்றோரும் நெகட்டிவ் என்றால் குட்டிகளும் நெகட்டிவ். ஒரே தலைமுறையில் ஒரு வம்சத்திலிருந்தே இதைத் துடைத்தெடுத்துவிட முடியும். பரம்பரை நோய்களில் இவ்வளவு எளிதாகத் தடுக்கக்கூடியவை குறைவு. அதனால்தான் இன்னமும் இதற்கு ஒரு பூனை சாகிறது என்று கேள்விப்படும்போது எனக்குத் தாங்க முடிவதில்லை.

என்ன அறிகுறிகள் தெரியும்?

பல வருடங்களுக்கு எதுவும் தெரியாது. பூனை ஓடும், விளையாடும், சாப்பிடும். சிறுநீரகத்துக்கு ஏராளமான கையிருப்பு உண்டு. ஒரு பக்கத்தில் மட்டும் கிட்டத்தட்ட இரண்டு லட்சம் வடிகட்டிகள். பாதி போனால்கூட மீதி சமாளித்துவிடும். சராசரியாக ஏழு வயதை ஒட்டி அறிகுறிகள் ஆரம்பிக்கும். சிலவற்றுக்கு மூன்று வயதில், சிலவற்றுக்குப் பத்து வயதுக்கு மேல்.

பஞ்சு விஷயத்தில் முதலில் மாறியது தண்ணீர்க் கிண்ணம். காலையில் நிரப்பினால் அடுத்த நாள் காலையிலும் முக்கால்வாசி இருக்கும் கிண்ணம் சாயங்காலமே அடி தெரிந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டோம். மணல் தட்டில் சிறுநீர் உருண்டைகள் பெரிதாகின. வேலை குறைந்த சிறுநீரகத்தால் சிறுநீரைக் கெட்டியாக்க முடியாது. நிறையத் தண்ணீர் வெளியே போகும், அதை ஈடுகட்டப் பூனை நிறையக் குடிக்கும். அப்புறம்தான் எடை குறைவது, பசி குறைவது, வாந்தி, முடி பொலிவிழப்பது, வாய் நாற்றம் எல்லாம்.

முடி அடர்ந்த பூனையில் எடை குறைவது கண்ணுக்குத் தெரியாது. மாதம் ஒருமுறை எடை போட்டு எழுதிவையுங்கள். நான்கு கிலோ பூனைக்கு 200 கிராம் குறைந்தால் அது உடம்பில் இருபதில் ஒரு பங்கு. பஞ்சுவைக் குளிப்பாட்டி முடி ஒட்டிக் கிடந்தபோதுதான் முதுகெலும்பு எனக்குத் தெரிந்தது.

ஸ்கேனா, மரபணுச் சோதனையா? எது நல்லது?

இரண்டும் இரண்டு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன.

மரபணுச் சோதனை 'அந்தப் பிழை இருக்கிறதா' என்று சொல்லும். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுத்தால் போதும், இரத்தத்திலும் பார்க்கலாம். எந்த வயதிலும் செய்யலாம், வாழ்நாளில் ஒருமுறை போதும். பால் குடிக்கும் குட்டி என்றால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: பால் குடித்த கையோடு எடுத்தால் தாயின் செல்கள் குச்சியில் ஒட்டிக்கொண்டு முடிவைக் குழப்பிவிடும். தாயிடமிருந்து கொஞ்ச நேரம் பிரித்துவைத்துவிட்டு எடுக்க வேண்டும்.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் 'இன்றைக்குச் சிறுநீரகம் எப்படி இருக்கிறது' என்று சொல்லும். மயக்க மருந்து பெரும்பாலும் தேவைப்படாது. வயிற்று முடியை மழித்து, மல்லாக்கப் படுக்கவைத்துப் பார்ப்பார்கள். நல்ல சிறுநீரகம் திரையில் சாம்பல் நிற அவரை விதை மாதிரி தெரியும். நீர்க்கட்டி இருந்தால் அதற்குள் ஓட்டை போட்ட மாதிரி கறுப்பு வட்டங்கள். பஞ்சுவுக்கு இடப்பக்கம் மட்டும் பதினொன்று எண்ணினார் டாக்டர். ஸ்கேன் முடிந்ததும் என் கையைப் பிடித்து அவள் வயிற்றில் வைத்து, "அழுத்தாமல் தடவிப் பாருங்கள்" என்றார். வழவழவென்று இருக்க வேண்டிய இடம் கரடுமுரடாக இருந்தது. அதை என் விரல்கள் இன்னும் மறக்கவில்லை.

குட்டியில் ஸ்கேன் செய்து 'ஒன்றுமில்லை' என்று வந்தால் நம்பிவிடாதீர்கள். நான்கு மாதத்தில் பார்த்தால் நோயுள்ள நான்கில் ஒன்று தப்பிவிடும். பத்து மாதத்துக்குப் பிறகு, பழகிய கை பார்த்தால் பெரும்பாலும் பிடித்துவிடலாம். இன்னொன்று: மரபணுச் சோதனை அந்த ஒரு பிழையைத்தான் தேடும். வேறு காரணத்தால் வரும் நீர்க்கட்டிகளை அது காட்டாது. அதனால் நெகட்டிவ் பூனையிலும் சந்தேகம் வந்தால் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும்.

குட்டி வாங்கும்போது என்ன கேட்க வேண்டும்?

தாய், தகப்பன் இரண்டின் பிகேடி ரிப்போர்ட்டையும் காட்டச் சொல்லுங்கள். வாயால் சொல்வது போதாது. "எங்கள் வம்சத்தில் அப்படி எதுவும் இல்லை" என்பதுதான் பஞ்சுவை வாங்கும்போது எனக்குக் கிடைத்த பதில். சொன்னவர் பொய் சொல்லவில்லை. அவர் உண்மையிலேயே அப்படித்தான் நம்பினார், ஏனென்றால் ஒரு பூனைக்கும் சோதனை செய்து பார்த்ததே இல்லை. இந்த நோயுள்ள தாய்ப்பூனை நான்கு வயதுவரை ஒரு குறையும் தெரியாமல் மூன்று நான்கு ஈற்றுக் குட்டி போட்டுவிடும். அப்புறம்தான் நோய் தெரியும்.

ரிப்போர்ட்டில் மைக்ரோசிப் எண் இருக்கிறதா, அது அந்தப் பூனையின் எண்தானா என்று பாருங்கள். எண் இல்லாத ரிப்போர்ட் எந்தப் பூனையுடையதாகவும் இருக்கலாம். கேட்டால் கோபப்படுகிறவரிடம் வாங்க வேண்டாம். சோதனை செய்தவர்கள் நீங்கள் கேட்பதற்கு முன்பே எடுத்துக் காட்டுவார்கள்.

பாசிட்டிவ் என்று வந்துவிட்டது. எவ்வளவு நாள் இருக்கும்?

தேதி யாராலும் சொல்ல முடியாது. ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு பூனைகளில் ஒன்று ஆறு வயதில் தளர்ந்துவிடும், இன்னொன்று பதினாலு வயதில் வேறு ஏதோ காரணத்தால் போகும். கட்டிகள் எவ்வளவு வேகமாக வளர்கின்றன என்பது பூனைக்குப் பூனை மாறும். பாசிட்டிவ் ரிப்போர்ட்டை மரணச் செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கண்காணிப்புத்தான் முக்கியம். இளம் வயதில் வருடம் ஒருமுறை, ஏழு வயதுக்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தம், சிறுநீர், இரத்த அழுத்தம் பார்த்துவிடுங்கள். இரத்தத்தில் கிரியேட்டினின் என்று ஒன்றைப் பார்ப்பார்கள், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு அது, ரிப்போர்ட்டில் mg/dL அளவில் இருக்கும். அது 1.6-க்குக் கீழே இருந்தால் முதல் கட்டம், 2.8 வரை இரண்டாம் கட்டம், 5 வரை மூன்றாம் கட்டம், அதற்கு மேல் நான்காம் கட்டம். கிரியேட்டினின் ஏறுவதற்குள் சிறுநீரகத்தின் முக்கால்வாசி வேலை போயிருக்கும் என்பதுதான் சிக்கல். எஸ்டிஎம்ஏ என்ற சோதனை இன்னும் முன்னாலேயே எச்சரிக்கும், வசதி இருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள். உங்கள் பூனையின் பழைய எண்ணோடு புதிய எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். வருடா வருடம் ஏறிக்கொண்டே போகிறதா என்பது ஒரு தடவை வந்த எண்ணைவிட நிறையச் சொல்லும்.

சிகிச்சை உண்டா?

கட்டிகளைக் கரைக்க மருந்து இல்லை. மனிதர்களுக்கு வரும் இதே மாதிரியான நோய்க்கு டோல்வாப்டன் என்ற மருந்தைக் கொடுக்கிறார்கள். பூனைகளுக்கு அது வழக்கத்தில் இல்லை, நாமாக வாங்கிக் கொடுக்கவே கூடாது.

மற்ற நாள்பட்ட சிறுநீரக நோய்க்குச் செய்வதைத்தான் இதற்கும் செய்கிறார்கள். பாஸ்பரஸ் குறைந்த சிறுநீரக உணவு, குமட்டலுக்கும் பசிக்கும் மருந்து, சிறுநீரில் புரதம் போனால் அதற்கு மருந்து. இரத்த அழுத்தம் 160-க்கு மேலேயே நின்றால் அம்லோடிபின் மாதிரி ஒன்று. அழுத்தத்தைக் கவனிக்காமல் விட்டால் கண்ணின் விழித்திரை பிரிந்து பூனைக்கு ஒரே நாளில் பார்வை போய்விடலாம்.

நோய் முற்றும்போது தோலுக்கடியில் சலைன் ஏற்றுவதை வீட்டிலேயே செய்யக் கற்றுக்கொடுப்பார்கள். முதல் நாள் என் கை நடுங்கிய நடுக்கத்தில் ஊசி தோலின் மறுபக்கம் வெளியே வந்து, சலைன் முழுவதும் பஞ்சுவின் முடியை நனைத்தது. பத்து நாளில் பழகிவிட்டது. பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். தோளுக்கு நடுவில் தோலைத் தூக்கிப் பிடித்து ஊசியைச் செருக வேண்டும். ஏற்றிய நீர் கொஞ்ச நேரத்தில் ஒரு முன்னங்காலுக்கு இறங்கித் தொங்கும், பயப்பட வேண்டாம், சில மணி நேரத்தில் உடம்பு இழுத்துக்கொள்ளும். எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். இதயம் பலவீனமான பூனைக்கு அதிகமாக ஏற்றினால் ஆபத்து.

கட்டிகளை ஊசி போட்டு உறிஞ்சி எடுத்துவிட முடியாதா?

எடுத்தாலும் மறுபடி நிரம்பும். ஏதாவது ஒரு பெரிய கட்டி வலி கொடுத்தாலோ, அதில் கிருமி புகுந்துவிட்டாலோ மட்டும்தான் டாக்டர்கள் அதை யோசிப்பார்கள்.

சிறுநீரக உணவை இப்போதே ஆரம்பிக்கட்டுமா?

பாசிட்டிவ் என்ற ஒரே காரணத்துக்காக, இரத்தப் பரிசோதனை சரியாக இருக்கும் இளம் பூனைக்கு அது தேவையில்லை. அதற்கு நல்ல புரதம் வேண்டும். இரண்டாம் கட்டத்தில் டாக்டர் சொல்லும்போது மாற்றுங்கள், அதுவும் பழைய உணவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து. "பசித்தால் தானே சாப்பிடும்" என்று பூனையைப் பட்டினி போடக் கூடாது. சில நாள் சாப்பிடாமல் இருந்தாலே கல்லீரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகிவிடும். சிறுநீரக உணவைத் தொடவே மாட்டேன் என்றால், எதையாவது சாப்பிடுவதுதான் முக்கியம்.

தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும், இரண்டு மூன்று இடங்களில். ஈரமான உணவும் நல்லது.

எதையெல்லாம் தவிர்க்க வேண்டும்?

லில்லிப் பூக்கள். சிறுநீரகம் நன்றாக இருக்கும் பூனையையே அவை கொன்றுவிடும். உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே போதும். பாராசிட்டமால் எந்தப் பூனைக்கும் விஷம். மனிதர்களுக்கான வலி மாத்திரை எதுவுமே வேண்டாம். கருத்தடையோ பல் சுத்தமோ எதுவானாலும், மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்பே பிகேடி இருப்பதைச் சொல்லிவிடுங்கள். அழுத்தமும் நீர்ச்சத்தும் குறையாமல் பார்த்துக்கொள்வார்கள்.

மனிதர்களுக்கோ வீட்டிலுள்ள மற்ற பூனைகளுக்கோ தொற்றுமா?

தொற்றாது. மனிதர்களுக்கும் பிகேடி உண்டு, அதிலும் பெரும்பாலும் இதே பெயருள்ள மரபணுதான் காரணம். ஆனால் அது அவரவர் பெற்றோரிடமிருந்து வருவது.

எங்களிடம் அபிசீனியன் இருக்கிறது. அதற்கும் இதேதானா?

இல்லை, அதற்கு வேறொன்று வருகிறது. அமிலாய்டு என்ற புரதம் சிறுநீரகத்தில் படிந்து இறுகிவிடும். பரம்பரையாக வருவதுதான், ஆனால் பிகேடி மாதிரி ஒரே பிழை என்று அடையாளம் காட்டும் சோதனை அதற்கு இல்லை, ஸ்கேனில் கறுப்பு வட்டங்களும் தெரியாது. பிகேடி நெகட்டிவ் என்ற காகிதத்தை வைத்துக்கொண்டு அபிசீனியனின் சிறுநீரகத்துக்கு உத்தரவாதம் தர முடியாது. அந்த இனத்தில் குடும்பத்தில் யாருக்கு என்ன வந்தது என்று விசாரிப்பதும், சிறு வயதிலிருந்தே இரத்தமும் சிறுநீரும் பார்த்துவருவதும்தான் வழி.

என் பூனை பாசிட்டிவ், ஆனால் அருமையான அழகு. ஒரே ஒருமுறை குட்டி எடுக்கலாமா?

வேண்டாம். சோதனை வந்த புதிதில், மூன்றில் ஒரு பெர்சியன் பாசிட்டிவாக இருந்த காலத்தில், நல்ல வம்சங்கள் ஒரேயடியாக அற்றுப்போகக் கூடாது என்று, நெகட்டிவ் துணையோடு ஒருமுறை சேர்த்து, நெகட்டிவ் குட்டியை மட்டும் வைத்துக்கொண்டு, பாசிட்டிவ் பூனைக்குக் கருத்தடை செய்யலாம் என்ற யோசனை இருந்தது. அப்போது அதில் நியாயம் இருந்தது. இன்று நெகட்டிவான அழகுப் பூனைகள் எத்தனையோ இருக்கின்றன. பாதிக் குட்டிகளுக்கு இந்த நோயைத் தெரிந்தே கொடுப்பதற்கு அழகு ஒரு காரணமாக எனக்குப் படவில்லை.

நோய் உறுதியானதை விற்றவரிடம் சொல்ல வேண்டுமா? இனி சொல்லி என்ன ஆகப்போகிறது?

கட்டாயம் சொல்லுங்கள். சண்டை போடுவதற்காக இல்லை. உங்கள் பூனைக்கு இருக்கிறது என்றால் அதன் தாய்க்கோ தகப்பனுக்கோ இருக்கிறது, அது இன்னும் குட்டி போட்டுக்கொண்டிருக்கலாம். கூடப் பிறந்தவையும் எங்கோ ஒரு வீட்டில் எதுவும் தெரியாமல் வளர்கின்றன.

நான் ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். முதலில் பதிலே இல்லை. இரண்டாவது வாரம் அவரே கூப்பிட்டு, அந்தப் பஞ்சுக்குச்சியை எங்கே வாங்குவது என்று கேட்டார். பஞ்சுவின் அம்மா அதற்குள் இறந்துவிட்டிருந்தது. வீட்டிலிருந்த மற்ற ஆறு பூனைகளுக்கும் எடுத்து அனுப்பினார். இரண்டு பாசிட்டிவ், அதில் ஒன்று பஞ்சுவின் தங்கை, அடுத்த மாதம் இணை சேர்ப்பதாக இருந்ததாம். இரண்டுக்கும் கருத்தடை செய்துவிட்டார். பஞ்சுவோடு பிறந்த இரண்டு பேரை வாங்கியவர்களின் எண்களையும் தேடிக் கொடுத்தார். ஒரு பூனைக்கு நெகட்டிவ் வந்தது. இன்னொன்றுக்குப் பாசிட்டிவ், ஆனால் கிரியேட்டினின் அப்போது 1.4-தான். அந்த வீட்டுக்காரர் மாதா மாதம் எடை போட்டு எனக்கும் எழுதுகிறார்.